படிகத்துக்கு ஒரு திறப்பு விழா

எக்ஸ்ரே இயந்திரம் வந்து இறங்கிப் பதினாலு மாதம் ஆகியும் அது ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. அது வந்த வாரமே தயாராகிவிட்டது. ஆனால் அதன் அறை வாசலில் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அதை வெட்டத் தகுதியான ஒருவர் இன்னும் தேதி கொடுக்கவில்லை. வெயில் பட்டு ரிப்பன் இரண்டு முறை வெளுத்துப் போனது. இரண்டு முறையும் மூன்று பேர் குழு ஒன்று கூடி, பழைய ரிப்பனை வெட்டாமல் முடிச்சை அவிழ்த்து, புதிதைக் கட்டியது. வெட்டினால் திறந்ததாக ஆகிவிடும் என்று குழு தன் குறிப்பில் எழுதியிருந்தது.

புதுக்கோட்டை சாலையில், திருச்சி முடிந்து கருவேலங்காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த மூலக்கூறு ஆய்வு நிலையம். ரிப்பனுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பிரவீன்ராஜ் உட்கார்ந்திருப்பான். அந்த இயந்திரத்தை ஓட்டுவதற்காகவே ஜெர்மனியில் ஆறு வாரம் பயிற்சி எடுத்து வந்தவன். திறக்காத இயந்திரத்தை ஓட்ட முடியாது என்பதால் அதற்குக் காவல் இருந்தான். வாரம் ஒரு முறை ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போய்த் தூசி துடைக்க அனுமதி உண்டு. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டில் ‘இயந்திரம் நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெலிண்டாவின் ஆய்வுக்கூடம். முப்பத்தேழு வயது, ஆராய்ச்சியில் எட்டாவது வருடம். அவளோடு சேர்ந்தவர்கள் முடித்துப் போய்விட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த நான்கு ஸ்டூல்களும் மேசை மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வழிகாட்டியான பேராசிரியர் ஓய்வு பெற்று அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவரிடமிருந்து மின்னஞ்சல் வரும்: ‘நன்று. தொடரவும்.’

அவள் தொடர்ந்துகொண்டிருந்தது ஒரு எண்ணை. ஆறு மாலிப்டினம் அணுக்களும் பத்தொன்பது ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்து கட்டிய கொத்து ஒன்று, எதிர்மின்சுமை கொண்டது. அதன் பக்கத்தில், அயோடினைச் சுமந்த ஒரு கரிம மூலக்கூறு. அயோடினைச் சுற்றி எலக்ட்ரான் கூட்டம் அடர்ந்திருக்கும். ஆனால் உச்சந்தலையில் மட்டும் ஒரு சின்ன வழுக்கை உண்டு. அந்த வழுக்கையை நோக்கி, கொத்திலிருக்கும் ஆக்சிஜன் ஒன்று நேர்கோட்டில் வந்து நிற்கும். கட்டிக்கொள்வதில்லை, விலகியும் போவதில்லை. இதற்கு ஹாலஜன் பிணைப்பு என்று பெயர். இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் சும்மா அடுத்தடுத்து நின்றால் இடைவெளி மூன்றரை ஆங்ஸ்ட்ராம் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம். இடைவெளி மூன்றரைக்குக் குறைந்தால் அவற்றுக்கு நடுவே ஏதோ இருக்கிறது என்று பொருள். அது எவ்வளவு என்பதுதான் பெலிண்டாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த எண் கிடைத்தால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடியும். ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் முடியாவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகும்.

எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்து அதை அளக்க ஒரு நல்ல படிகம் வேண்டும். சின்னக் குப்பியில் கரைசலை ஊற்றி, அதை ஈதர் இருக்கும் பெரிய குப்பிக்குள் இறக்கி மூடிவிட்டால், ஈதர் ஆவி மெல்ல மெல்லக் கரைசலில் கலந்து படிகம் உருவாகும். மூன்று வாரம் யாரும் அசைக்கக் கூடாது. நாற்பத்தொரு முறை அவளுக்குத் தூள்தான் கிடைத்தது. ஒரு முறை, ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையை மாட்டச் சுவரில் துளை போட்டார்கள். ஒரு முறை, குடியரசு தின விழாவுக்கு மேசை போதவில்லை என்று அவள் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாற்பத்திரண்டாவது முறை, ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை, குப்பியின் அடியில் ஒரு மஞ்சள் துளி மின்னியது. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். எட்டு முகம்; ஒன்றில்கூடக் கீறல் இல்லை. பெலிண்டா திரும்பிப் பார்த்தாள். நான்கு ஸ்டூல்களும் கவிழ்ந்தபடி இருந்தன. அன்று முழுக்க அவள் பேசியவை பதினோரு சொற்கள். அதில் ஆறு, போக வர ஒண்ணாம் நம்பர் பஸ் கண்டக்டரிடம்.

மறுநாள் இயக்குநர் அமிர்தராஜைப் பார்க்கப் போனாள். படிகத்தைச் சென்னைக்கு அனுப்பி அளக்க அனுமதி வேண்டும்.

“வெளிய அனுப்பணும்னா, நம்மகிட்ட இயந்திரம் இல்லைன்னு சான்றிதழ் வைக்கணும்மா” என்றார் இயக்குநர்.

“சரி சார். குடுங்க.”

“எப்படிக் குடுக்கறது? இருக்கே.”

“அப்ப இங்கயே பாத்துடலாமா சார்?”

“எப்படிப் பாக்கறது? திறக்கலையே.”

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். “இருக்கறதை இல்லைன்னு எழுதினா பொய். திறக்காததை ஓட்டினா விதிமீறல். முப்பது வருஷ சர்வீஸ்ல என் பேர்ல ஒரு தப்பு கிடையாது. ஏன் தெரியுமா? எந்த விஷயத்தையும் செய்யறதுக்கு முன்னாடி நிறுத்தி யோசிப்பேன். பெரும்பாலும் அது அங்கயே நின்னுரும்.”

“சார், கரைசலை விட்டு வெளிய எடுத்தா அஞ்சு நிமிஷத்துல தூளாயிரும். கரைசல்லயும் ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது சார்.”

“மொதல்ல அதை ஸ்டோர்ல பதிவு பண்ணீங்களா? பதிவு இல்லாத பொருளுக்கு ஆயுசு மட்டும் எப்படி வந்துச்சு?”

ஸ்டோர் கண்காணிப்பாளர் சுபலட்சுமி பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

“நீளம், அகலம், உயரம்?”

“எல்லாம் ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்கு மேடம்.”

“அடிக்கணக்குல சொல்லும்மா. பதிவேட்டுல கட்டம் அடிக்குத்தான் இருக்கு. சரி, வாங்கின பில்?”

“வாங்கலை மேடம். இங்கயே வளர்ந்தது.”

சுபலட்சுமி பேனாவை மூடினார். “வளர்ந்ததுன்னா தோட்டப் பிரிவு.”

கோப்பு தோட்டப் பிரிவுக்குப் போனது. மறுநாள் தோட்ட மேஸ்திரி அடைக்கலம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பூதக்கண்ணாடியில் நெடுநேரம் குனிந்து பார்த்தார். “தண்ணி போதுமாம்மா அதுக்கு?” என்று கேட்டார். அந்தப் படிகத்தைப் பற்றி நிலையத்தில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். ஆனால் அது செடி இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்ததால், கோப்பு ஸ்டோருக்கே திரும்பியது.

பதிவு எண்ணைப் பொருளின் மேல் பெயிண்டில் எழுத வேண்டும் என்பது விதி. படிகம் எண்ணைத் தாங்காது என்று பெலிண்டா வாதாடியதில், கருணை அடிப்படையில் குப்பி மேல் எழுத ஒப்புக்கொண்டார்கள். எண் நீளமானது. எழுதி முடித்தபோது குப்பியில் கண்ணாடி தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஆய்வுக்கு வந்த குழு, ‘பொருள் கண்ணுக்குத் தென்படவில்லை’ என்று குறிப்பு எழுதி அவளிடம் விளக்கம் கேட்டது. அவள் பிளேடால் ஒரு மூலையைச் சுரண்டி, ஒரு ஜன்னல் போல விட்டாள். பதிவு எண்ணைச் சிதைத்ததற்கு இன்னொரு விளக்கம் கேட்டார்கள். இதற்குள் ஏப்ரல் இருபது ஆகிவிட்டது.

இருபத்தொன்றாம் தேதி இயக்குநரே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கவிழ்ந்திருந்த ஸ்டூல்களைப் பார்த்து, “ஒழுங்கா வச்சிருக்கீங்க” என்று பாராட்டினார். டெல்லியிலிருந்து உயர்நிலை ஆலோசகர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் உறவினர் கல்யாணத்துக்கு வருகிறார். முகூர்த்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார். இருபத்தாறாம் தேதி திறப்பு விழா. “உங்க படிகம்தான் முதல் மாதிரி” என்றார்.

அன்று மாலை பிரவீன்ராஜ் சுவரைச் சுற்றிக்கொண்டு அவள் அறைக்கு வந்தான். பதினாலு மாதத்தில் அதுதான் முதல் முறை. வாசலிலேயே நின்றான்.

“மேடம், ரிப்பனை வெட்டினதும் நான் ஸ்விட்ச் போட்டுருவேன். ரெண்டு மணி நேரத்துல சூடாயிரும். சாயங்காலத்துக்குள்ள உங்க நம்பர் வந்துரும்.”

“நெஜமாவா பிரவீன்?”

“ஓட்டியே பதினாலு மாசம் ஆச்சு மேடம். கை மறந்துருக்காது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “மறந்திருந்தா இர்பானாகிட்ட போன்ல கேட்டுக்கறேன். எங்கூட ஜெர்மனியில படிச்சவ. சென்னையில இருக்கா. அவங்க மெஷின் ஓடுது” என்றான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

அழைப்பிதழில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. கொத்தில் உள்ள ஆக்சிஜன்களின் எண்ணிக்கையும் பத்தொன்பது, அது தற்செயல். பெலிண்டாவின் பெயர் இல்லை. ரிப்பன் குழுவின் மூவர் பெயரும் இருந்தன.

விழா நாளில் படிகத்தை வரவேற்பு மேசையில் வைக்க வேண்டும், விருந்தினர் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும் என்று உத்தரவு. வெள்ளைத் துணி விரித்த மேசையில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமம், ரோஜாப்பூ, ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறைய டைமண்ட் கல்கண்டு. நடுவே பெயிண்ட் சுரண்டிய குப்பி. பெலிண்டா பட்டுப் புடவையில் அதன் பக்கத்திலேயே நின்றாள். நாகஸ்வரக்காரர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

வரவேற்புக் குழுப் பேராசிரியர் ஒருவர் வந்தார். “பேட்ஜ் எங்கம்மா? பேட்ஜ் இல்லாதவங்க மேசைகிட்ட நிக்கக் கூடாது.”

“குப்பியை யாரும் தொடாம பாத்துக்கறீங்களா சார்?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

பேட்ஜ் வாங்கக் கூட்ட அரங்கின் பின்பக்கம் போக வேண்டியிருந்தது. வரிசையில் நான்கு பேர். அவள் திரும்பி வர ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடத்தில் யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. அழகான மேசையில் பெயிண்ட் உரிந்த குப்பி ஒன்று அசிங்கமாக இருப்பதைப் புகைப்படக்காரர் சுட்டிக்காட்டினார். பேராசிரியர் பொறுப்போடு டீ வடிகட்டி கொண்டுவரச் சொல்லி, கரைசலை வடித்துக் கீழே கொட்டினார். வடிகட்டியில் ஒட்டியிருந்த மஞ்சள் துணுக்கைப் பத்திரமாக ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் தட்டி வைத்தார். மேசையில் இருந்த வெள்ளிக் கிண்ணம் ஒன்றுதான்.

பெலிண்டா வந்து சேர்ந்தபோது நாகஸ்வரம் உச்சத்தில் இருந்தது. ஆலோசகர் காரிலிருந்து இறங்கி வந்தார். பன்னீர் தெளித்தார்கள். சந்தனத்தை விரலால் தொட்டுக் கழுத்தில் தடவிக்கொண்டார். பிறகு, வழக்கப்படி, கல்கண்டுக் கிண்ணத்தில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். அவர் விரல் நுனியில் மஞ்சளாக ஒன்று மின்னியதை அவள் பார்த்தாள். எட்டு முகம் கொண்டது. அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

பெலிண்டாவின் வாய் திறந்தது. நாகஸ்வரத்தில் எதுவும் கேட்கவில்லை.

“லேசாக் கசக்குதே” என்றார் ஆலோசகர்.

“திருச்சி ஸ்பெஷல் சார்” என்றார் இயக்குநர்.

மேடையில் ஆலோசகர் பன்னிரண்டு நிமிடம் பேசினார். “இந்தப் படிகத்தில் இரண்டு அணுக்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். நான் கேட்கிறேன்: தூரம் ஏன் இருக்க வேண்டும்? நான் பல நிலையங்களைத் திறந்திருக்கிறேன். திறந்த பிறகு ஒன்றுக்கும் நான் போனதில்லை. போக வேண்டிய தேவையும் வந்ததில்லை. அதுதான் நல்ல நிர்வாகம். இன்று முதல், மக்களுக்கும் நிலையத்துக்கும் நடுவே தூரம் பூஜ்யம். அணுவுக்கும் அணுவுக்கும் நடுவேயும் தூரம் பூஜ்யம்!” கைதட்டல் நீண்டது. ரிப்பனை வெட்டி, பொன்னாடை போர்த்திக்கொண்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணத்தில் நன்றாகச் சாப்பிட்டதாகக் கேள்வி.

பிரவீன்ராஜ் ஸ்விட்ச் அருகில் போனபோது இயக்குநர் கையை நீட்டித் தடுத்தார். “இத்தனை நாள் திறக்கலை, அதனால விதிமுறை தேவைப்படலை. இப்ப திறந்தாச்சு. பயன்பாட்டு விதிமுறைக் குழு அமைச்சு, அது அறிக்கை குடுக்கற வரைக்கும் பழைய மாதிரியே பாத்துக்கப்பா.” பிரவீன்ராஜ் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அன்று பதிவேட்டில் ‘இயந்திரம் நலம், திறக்கப்பட்டது’ என்று எழுதினான்.

மறுநாள் செய்தித்தாளில் படத்தோடு வந்தது: படிகத்தில் அணுக்களுக்கு இடையிலான தூரம் பூஜ்யம் என்று திருச்சி நிலையம் கண்டுபிடிப்பு. இயக்குநர் பெலிண்டாவை அழைத்து ஆய்வேட்டுப் படிவத்தை நீட்டினார். “வாழ்த்துகள். தூரம்ங்கற கட்டத்துல பூஜ்யம்னு போட்டுக் கையெழுத்துப் போட்டா முப்பதாம் தேதிக்குள்ள பட்டம் உறுதி.”

“சார், பூஜ்யம்னா ரெண்டு அணுவும் ஒரே இடத்துல இருக்கணும். அது பிணைப்பு இல்ல சார், விபத்து.”

“விபத்துன்னு எழுதிராதீங்க. திறப்பு விழாவுல விபத்துன்னு ஆயிரும்.”

“அளக்கவே இல்லையே சார். படிகத்தை அவர் சாப்பிட்டுட்டார்.”

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பாருங்கம்மா. அவர் சாப்பிட்டது கல்கண்டுன்னு விழாக் குறிப்பில இருக்கு. நான் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க நல்ல பொண்ணு. எட்டு வருஷம். ஒரு வட்டம் போட எவ்வளவு நேரம் ஆகும்?”

பேனா அவள் கையில் இருந்தது. பூஜ்யம் போட்டால் வெளியே எல்லாரும் டாக்டர் பெலிண்டா என்பார்கள். ஊரிலிருந்து அண்ணன் போன் செய்வான். கட்டத்தில் ‘அளக்கப்படவில்லை’ என்று எழுதினாள். கணினி எண்ணை மட்டுமே ஏற்கும் என்பதால் படிவம் முப்பதாம் தேதி மதியம் திரும்பி வந்தது. மாலை ஐந்து மணிக்கு அவள் பதிவு ரத்தானது. அடையாள அட்டையைக் கொடுத்தாள். தன் ஸ்டூலை எடுத்து, ஐந்தாவதாக, மேசை மேல் கவிழ்த்தாள்.

வெளியே பிரவீன்ராஜ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“மேடம், ஒண்ணு கேக்கவா? நாளையிலேருந்து நீங்க இங்க யாரு?”

“யாருமில்ல.”

“அதான் சொல்றேன். யாருமில்லாதவங்க படிகத்தை வெளிய அனுப்பறதுக்கு இங்க படிவமே கிடையாது. யார்கிட்டயும் கேக்க வேண்டாம்.” பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தான். இர்பானாவின் நம்பர். “பேசிட்டேன். ஒரு நாள் காலையில போட்டுத் தரேன்னா.”

முன்பு நாற்பத்தொரு முறை கிடைத்த மஞ்சள் நிறத் தூளில் கொஞ்சம் அவளிடம் மிச்சம் இருந்தது. அது வாங்கிய பொருளும் இல்லை, வளர்ந்த பொருளும் இல்லை என்பதால் ஸ்டோருக்கு அதில் அக்கறை இல்லை.

ஸ்ரீரங்கத்தில், மேலூர் சாலையில், மாடியில் ஒரு அறையும் சமையலறையுமாக அவள் வாடகைக்கு இருந்தாள். பதினோரு வருடமாகத் தனியாக. ரயில் பாதைக்கு எதிர்ப்புறச் சுவரில், அதிர்வு எட்டாத உயரத்தில், ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்தாள். தூளைக் கரைத்து, அந்தக் கரைசல் குப்பியை ஈதர் குப்பிக்குள் இறக்கி மூடினாள். நிலையத்தில் எட்டு வருடம் தேடியும் கிடைக்காத இடம் அது. அந்த வீட்டில் எதையும் நகர்த்த இன்னொரு ஆள் கிடையாது. கதவைத் தட்ட யாரும் வருவதில்லை. மூன்று வாரம் மிக்ஸி போடவில்லை. சட்னி இல்லாமல் இட்லிப் பொடியோடு சாப்பிட்டாள். செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். இருபதாம் நாள் குப்பியின் அடியில் மஞ்சளாக ஒன்று இருந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. போன முறையைவிடப் பெரிதாக இருந்தது.

சென்னையில் இர்பானா படிகத்தை ஒரு எண்ணெய்த் துளியில் தூக்கி, இயந்திரத்தில் பொருத்தி, குளிர்ந்த காற்றை அதன் மேல் திருப்பினாள். “பிரவீன் எப்படி இருக்கான்?” என்று கேட்டாள். “நலம்” என்றாள் பெலிண்டா. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு திரையில் அணுக்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அயோடினிலிருந்து ஆக்சிஜனுக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் எண்: 2.93. இர்பானா அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த படிகத்தைப் பார்க்கப் போனாள். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள்.

திரும்பும் ரயிலில் செங்கல்பட்டு தாண்டியபோது வெயில் இன்னும் இருந்தது. அண்ணனுக்கு போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினாள். ‘நன்று. தொடரவும்’ என்று பதில் வரும் என்று தோன்றியது. நிறுத்திவிட்டாள். தாளைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். எதிரே மண்ணச்சநல்லூருக்குப் போகும் அம்மாள் ஒருத்தி, மடியில் மகள் கட்டிக் கொடுத்த பையோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா அது, பரீட்சை ரிசல்ட்டா?”

“இல்லைங்க. ரெண்டு அணுவுக்கு நடுவுல உள்ள தூரம்.”

“எவ்வளவு?”

“ரெண்டு புள்ளி ஒம்போது மூணு.”

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “அது கிட்டயா, தூரமா?”

“கிட்டதாங்க” என்றாள் பெலிண்டா. சொன்ன பிறகு, அந்த அம்மாள் இன்னொரு தரம் கேட்க மாட்டாளா என்று இருந்தது.